ஜேம்ஸ் பிரின்செப்

ஜேம்ஸ் பிரின்செப் (ஆகஸ்ட் 20, 1799 – ஏப்ரல் 22, 1840) இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் பணியாற்றிய உலோகவியல் அறிஞர், நாணயவியலாளர், கல்வெட்டு ஆய்வாளர் ஆவார். கிழக்கிந்தியக் கம்பனியின் காசி, கல்கத்தா நாணயச்சாலைகளில் வெள்ளியின் மாற்றுப் பார்க்கும் அலுவலராக இருந்தார். வடமேற்கு இந்தியாவிலும் ஆப்கானித்தானத்திலும் கிடைத்த பண்டைய கிரேக்க வெள்ளிக் காசுகளை ஆராய்ந்து, அவற்றை வெளியிட்ட அரசர்களை வரலாற்றில் இடம்பெறச் செய்தவர்களுள் முதன்மையானவர். அக்காசுகளின் துணையோடு கரோட்டி எழுத்துகள் பலவற்றையும், கல்வெட்டுகளின் துணையோடு பிராமி எழுத்தையும் படித்தறிந்தார். அசோகரின் கல்வெட்டுகளை உலகம் படிக்க முடிந்தது இவரது பணியால் ஆகும்.

இளமைக்காலம்

பிரின்செப் இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஜான் பிரின்செப். அவர் 1771 இல் கையில் பெரிய பொருளின்றி இந்தியாவுக்கு வந்து, அவுரி பயிரிட்டுச் செல்வந்தராகி நாடு திரும்பியவர். தாயார் சோபியா எலிசபெத் ஆரியல். இவர்களின் ஏழாவது மகன் ஜேம்ஸ்.

சிறு வயதிலேயே ஓவியம் வரைவதிலும் நுண்ணிய பொறிகளைச் செய்வதிலும் ஜேம்சுக்குத் திறமை இருந்தது. ஆகவே அகஸ்டசு பியூஜின் என்பவரிடம் கட்டடக்கலை பயில அனுப்பப்பட்டார். ஆனால் கண்ணில் ஏற்பட்ட நோயால் பார்வை பாதிக்கப்பட்டு அக்கல்வி இடையில் நின்றது. பின்னர் பார்வை தேறியது. இந்திய நாணயச்சாலையில் வேலை கிடைக்கும் வாய்ப்பை அறிந்த தந்தை, மகனை இலண்டனின் கய்சு மருத்துவமனையில் வேதியியல் கற்க அனுப்பினார். அதன்பின் இலண்டன் அரச நாணயச்சாலையில் இராபர்ட் பிங்லி என்பவரிடம் மாற்றுப் பார்க்கும் தொழிலைப் பயின்றார்.

காசியில் பணி

1819 செப்டம்பர் 15 இல் பிரின்செப் கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கு நாணயச்சாலையின் மாற்று அலுவலராக இருந்தவர் ஒரேசு ஏமன் வில்சன் என்னும் சமசுகிருத அறிஞர். ஓராண்டுக்குள் பிரின்செப் காசி நாணயச்சாலைக்குத் தலைமை மாற்று அலுவலராக அனுப்பப்பட்டார். 1830 இல் அந்த நாணயச்சாலை மூடப்படும் வரை அங்கேயே பணியாற்றினார்.

காசியில் அவர் நாணயத்தோடு நின்றுவிடவில்லை. நகரை அளந்து 1822 இல் வரைபடம் வரைந்தார். கழிவுநீர் செல்லச் சுரங்க வடிகால் அமைத்தார். அவுரங்கசீப் கட்டிய பள்ளிவாசலின் சரிந்துகொண்டிருந்த தூபிகளைப் பழுதுபார்த்தார். கர்மநாசா ஆற்றின் மேல் பாலம் கட்டினார். தாம் வரைந்த காசி ஓவியங்களைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார்.

உலைகளின் மிகு வெப்பத்தை அளப்பது அக்காலத்தில் கடினமாக இருந்தது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்து வரிசையாக உலோகத் துண்டுகளைச் செய்து, எது உருகுகிறது, எது உருகவில்லை என்பதைக் கொண்டு வெப்பத்தைக் கணிக்கும் முறையை பிரின்செப் வகுத்தார். இது பற்றிய அவரது கட்டுரை இலண்டன் அரச கழகத்தின் இதழில் 1828 இல் வெளிவந்தது. அக்கழகத்தின் உறுப்பினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு குன்றிமணியின் எடையில் மிகச் சிறு கூறையும் காட்டக்கூடிய நுண் தராசு ஒன்றையும் அவர் வடிவமைத்தார்.

மாற்றுப் பார்த்தல்

பிரின்செப்பின் தொழிலை அறிந்தால்தான் அவரது ஆய்வு முறை விளங்கும். வெள்ளியின் மாற்றை அறிய நம் நாட்டுப் பொற்கொல்லரும் வணிகரும் நெடுங்காலமாக உரைகல்லைப் பயன்படுத்தி வந்தனர். கல்லில் உரைத்த கோட்டின் நிறத்தைத் தெரிந்த மாற்றுடைய ஆணியின் கோட்டோடு ஒப்பிடுவது அம்முறை. நாணயச்சாலையில் இதைவிட உறுதியான முறை தேவைப்பட்டது. வெள்ளியில் ஒரு துண்டை வெட்டி எடைபோட்டு, ஈயத்துடன் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் இடுவர். ஈயமும் செம்பு முதலிய கலப்புகளும் சாம்பலில் ஊறிவிடும். தூய வெள்ளி மட்டும் மணிபோல் எஞ்சும். அதை மீண்டும் எடைபோட்டால் கலப்பின் அளவு தெரியும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. சோதிக்கப்படும் காசு சிதைந்துவிடும். புதிய ரூபாய்க்கு இது பொருட்டல்ல. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காசு ஒன்றே ஒன்று கையில் இருக்கும்போது அதை வெட்ட இயலாது. மேலும் மாற்று சரியாக இருப்பதாலேயே ஒரு காசு பழையது என்று ஆகிவிடாது. நல்ல வெள்ளியிலும் போலி செய்யலாம். எனவே எடை, அச்சின் வேலைப்பாடு, எழுத்து, கிடைத்த இடம் ஆகியவற்றைக் கொண்டே ஒரு காசு மெய்யா பொய்யா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அக்காலத்தில் இது வெறும் ஐயம் அன்று. செருமனியில் கார்ல் வில்கெல்ம் பெக்கர் (1772–1830) என்பவர் கிரேக்க, உரோமக் காசுகளுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட அச்சுகளைத் தம் கையாலேயே வெட்டிப் போலிகளை வெளியிட்டிருந்தார். ஐரோப்பாவின் பெரிய தொகுப்புகளிலும் அவை நுழைந்திருந்தன.

கல்கத்தாவில்

1830 இல் கல்கத்தா திரும்பிய பிரின்செப், 1832 இல் வில்சன் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகச் சென்றதும் தலைமை மாற்று அலுவலரானார். வில்சன் வகித்த ஆசியக் கழகச் செயலர் பதவியும் அவரிடம் வந்தது. அவ்வாண்டு முதல் வங்காள ஆசியக் கழக இதழை அவரே பதிப்பித்தார்.

அக்காலத்தில் பகுதிக்குப் பகுதி வெவ்வேறு எடையும் மாற்றும் கொண்ட ரூபாய்கள் வழங்கின. இவற்றுக்கு மாற்றாக ஒரே சீரான ரூபாய் வேண்டும் என பிரின்செப் வலியுறுத்தினார். 1835 இல் வெளிவந்த கம்பனி ரூபாய் 180 கிரெயின் (சுமார் 11.66 கிராம்) எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளியும் கொண்டிருந்தது. அந்த 180 கிரெயினே ஒரு தோலாவின் எடையாகவும் அமைந்தது. சட்டை, வேட்டி மாறினாலும் நகைக்கடையில் தோலா என்னும் சொல் நெடுநாள் நிலைத்திருந்தது.

1835 இல் பிரின்செப் ஆரியட் சோபியா ஆபர்ட் என்பவரை மணந்தார். 1837 இல் இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

கிரேக்க வெள்ளிக் காசுகள்

அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின் பாக்திரியாவிலும், பின்னர் காபூல், பஞ்சாப் பகுதிகளிலும் கிரேக்க அரசர்கள் ஆண்டனர். பழைய கிரேக்க, இலத்தீன் நூல்கள் இவர்களுள் ஒரு சிலரின் பெயர்களை மட்டுமே குறிப்பிட்டன. மற்றவர்களின் வரலாறு காசுகளில்தான் இருந்தது.

1830களில் இக்காசுகள் பெருமளவில் வெளிவரத் தொடங்கின. இரஞ்சித் சிங்கின் படைத்தலைவர் வெந்துரா மாணிக்கியாலா தூபியைத் தோண்டினார். அதே ஊரில் மற்றொரு தூபியைத் தோண்டிய கோர்ட் என்பவர் குசானர் காசுகளோடு உரோமக் குடியரசுக் கால வெள்ளிக் காசுகளையும் கண்டார். அலெக்சாண்டர் பர்ன்சு தம் பயணத்தில் கிடைத்த காசுகளை அனுப்பினார். சார்லசு மாசன் காபூலுக்கு வடக்கே பேக்ராம் சமவெளியில் பல்லாயிரம் காசுகளைச் சேகரித்தார். இவர்களின் கண்டுபிடிப்புகள் கல்கத்தாவுக்கு வந்தன. பிரின்செப் அவற்றின் படங்களைத் தாமே வரைந்து, பல தகடுகளைத் தாமே செதுக்கிக் கழக இதழில் வெளியிட்டார்.

கடைத்தெருவில் விலைக்கு வாங்கிய காசைவிட, தூபியின் உள்ளே மூடிய பேழையில் கிடைத்த காசுக்கு மதிப்பு அதிகம். அங்கே பின்னாளில் யாரும் போலியைக் கொண்டு வைத்திருக்க இயலாது. அதனோடு கிடைத்த மற்றக் காசுகள் காலத்தையும் காட்டும். எனவே எந்தக் காசு எங்கே, யார் கையில், எதனோடு கிடைத்தது என்பதை இதழில் பதிவு செய்தது, படத்துக்கு நிகரான பயனைத் தந்தது.

எடையும் சான்றாகும். பாக்திரியக் கிரேக்கர் அத்தீனிய எடை முறையைப் பின்பற்றினர். அதில் ஒரு திராக்மா சுமார் 4.3 கிராம், நான்கு திராக்மா காசு சுமார் 17 கிராம். இந்துகுசு மலைக்குத் தெற்கே வெளியிட்ட காசுகளில் இந்திய எடை முறை வந்தது. அதில் திராக்மா சுமார் 2.4 கிராம், நான்கு திராக்மா 9.7 கிராம் அளவில் அமையும். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். இவ்விரண்டிலும் சேராத எடை ஐயத்துக்குரியது.

பண்டைய காசு சூடாக்கிய வெள்ளி வில்லையை இரு அச்சுகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்டது. அடி விழும்போது உலோகம் அச்சின் பள்ளங்களில் பாய்ந்து கூர்மையான உருவத்தைத் தரும்; விளிம்பில் சிறு வெடிப்புகளும் ஏற்படும். வார்த்துச் செய்த போலியில் உருவம் மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் காற்றுக் குமிழிகளின் துளைகள் காணப்படும், விளிம்பில் வார்ப்பின் இணைப்புக் கோடு தெரியும் அல்லது அதை அராவிய தடம் இருக்கும். செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய காசாயின் நீரில் இட்டு ஒப்படர்த்தி பார்த்தால் அது வெளிப்படும். தூய வெள்ளியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.5, செம்பின் ஒப்படர்த்தி 9க்குச் சற்றுக் குறைவு. அத்தகைய போர்த்திய காசுகள் எல்லாம் இக்காலப் போலிகள் அல்ல. பண்டைக் காலத்திலேயே கள்ளக் காசு அடிப்போர் இருந்தனர்.

இருமொழிக் காசுகளும் எழுத்துகளும்

இந்துகுசுக்குத் தெற்கே ஆண்ட கிரேக்கரின் காசுகளில் ஒருபுறம் அரசன் உருவமும் கிரேக்க எழுத்தும், மறுபுறம் அறியப்படாத எழுத்தும் இருந்தன. மெனாந்தரின் வெள்ளிக் காசில் கிரேக்கத்தில் காப்பாளனாகிய அரசன் மெனாந்தரின் காசு என்னும் பொருளில் எழுதப்பட்டிருக்கும். மறுபுற எழுத்து அதன் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும் என்பது முதல் ஊகம். பெயர்களுக்கும் பட்டங்களுக்கும் உரிய எழுத்துக் கூட்டங்களை மாசன் சுட்டிக்காட்டினார். அதைக் கொண்டு பிரின்செப் எழுத்து எழுத்தாக முன்னேறினார். தொடக்கத்தில் அம்மொழியைப் பாரசீகச் சார்புடையது எனத் தவறாகக் கருதினார். 1838 இல் அது பிராகிருதம் எனத் தெளிந்து, மகரஜஸ, த்ரதரஸ, மெனந்த்ரஸ என்னும் சொற்களைப் படித்தார். இவ்வெழுத்தே இன்று கரோட்டி எனப்படுகிறது.

அகத்தோக்கிளிசு, பந்தலியோன் ஆகிய அரசர்களின் செப்புக் காசுகளில் மறுபுறம் இருந்த எழுத்து வேறு. அது அலகாபாத், தில்லித் தூண்களில் காணப்பட்ட பழைய எழுத்தோடு ஒத்திருந்தது. 1836 இல் கிறித்தியான் லாசன் அகத்தோக்கிளிசின் பெயரைக் கொண்டு சில எழுத்துகளை அடையாளம் கண்டார். 1837 இல் எட்வர்டு சிமித் சாஞ்சியிலிருந்து அனுப்பிய சிறு கல்வெட்டுகளின் படிகளைப் பார்த்த பிரின்செப், பல வரிகள் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கவனித்தார். அவை கொடையைக் குறிக்கும் தானம் என்னும் சொல் என ஊகித்தார். அதிலிருந்து மற்ற எழுத்துகள் விரைவில் விளங்கின. கமலாகாந்த வித்யாலங்கார் முதலிய பண்டிதர்கள் மொழிபெயர்ப்பில் உதவினர்.

தூண்களில் பேசிய தேவானாம்பிய பியதசி என்னும் அரசன் இலங்கையைச் சேர்ந்தவன் என பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர் பாளி நூல்களைக் கொண்டு அவ்வரசன் சந்திரகுப்தரின் பேரனான அசோகர் என்று காட்டினார். பிரின்செப் தம் தவற்றை ஏற்றுத் திருத்தத்தைத் தம் இதழிலேயே வெளியிட்டார். 1838 இல் கிர்னார் கல்வெட்டில் அந்தியோக்கசு, தாலமி ஆகிய கிரேக்க அரசர்களின் பெயர்களைப் படித்தார். இதனால் அசோகரின் காலம் உறுதியாயிற்று.

இங்கே காசின் மெய்த்தன்மை எவ்வளவு முதன்மையானது என்பது விளங்கும். திறவுகோலாகப் பயன்பட்ட காசுகள் போலியாக இருந்திருப்பின், அவற்றைக் கொண்டு படித்த எழுத்துகளும் பிழையாகியிருக்கும். ஆனால் ஒரு காசில் ஊகித்த எழுத்து, வேறிடத்தில் கிடைத்த மற்றொரு காசிலும், பெயர்க்க முடியாத பாறைக் கல்வெட்டிலும் பொருள் தந்தது. எனவே காசு எழுத்துக்கும், எழுத்து காசுக்கும் சான்றாயின. எழுத்தைப் படிக்கத் தெரியாத காலத்தில் போலி செய்பவர் கரோட்டி எழுத்துகளைப் படம்போல் பார்த்து எழுத நேரும். அதில் பிழைகள் புகும். படிக்கத் தெரிந்தவருக்கு அப்பிழைகள் உடனே புலப்படும். 1970 இல் ஆப்கானித்தானத்தின் ஆய் கானும் அகழாய்வில் பிரெஞ்சுக் குழுவினர் அகத்தோக்கிளிசின் ஆறு வெள்ளித் திராக்மாக்களைக் கண்டனர். அவற்றில் கிரேக்கத்தோடு பிராமி எழுத்தும், வாசுதேவன், பலராமன் உருவங்களும் இருந்தன. முறையான அகழாய்வில் கிடைத்ததால் அவற்றின் மெய்த்தன்மை பற்றிக் கேள்வி எழவில்லை.

தமிழகத் தொடர்பு

பிரின்செப் தமிழகத்தில் பணியாற்றியவர் அல்லர். எனினும் தமிழக வரலாற்றில் அவரது பணியின் பயன் பெரிது. கிர்னார் முதலிய இடங்களில் உள்ள அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் உள்ளன. பிராமி எழுத்து படிக்கப்பட்ட பின்னரே இது தெரியவந்தது. தமிழ்நாட்டுக் குகைக் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன என்பதை 1924 இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். ஐராவதம் மகாதேவன் அவற்றை விரிவாக ஆராய்ந்து 2003 இல் நூலாக வெளியிட்டார்.

கொங்கு நாட்டில் இதன் பயனை நேரடியாகக் காணலாம். திருப்பூர் மாவட்டத்துக் குன்னத்தூருக்கு அதிகத் தொலைவில் இல்லாத கொடுமணல், நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த பண்டைய தொழில் நகரம். மணிகள் செய்தலும் இரும்புத் தொழிலும் அங்கு நடைபெற்றன. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழாய்வு செய்தபோது, தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவ்வெழுத்துகளைப் படிக்கும் வழி சாஞ்சியில் தொடங்கியது ஆகும்.

இன்று பின்னலாடை ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாட்டு வெள்ளியை ஈர்த்தது. கோவைக்கு அருகே வெள்ளலூரிலும், திருப்பூர் வட்டாரத்தில் கத்தாங்கண்ணியிலும், கரூரிலும் உரோம வெள்ளிக் காசுப் புதையல்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் அகஸ்டசு, திபேரியசு ஆகிய பேரரசர்களின் காசுகளே மிகுதி. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிரேக்க நகரங்களின் காசுகளும் கிடைத்தன. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி (இறப்பு 2021) அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். கரூரில் கிடைத்த மாக்கோதை என்னும் சேர மன்னனின் வெள்ளிக் காசில் அரசன் தலையுருவமும் தமிழ் பிராமி எழுத்தும் உள்ளன. அதன் காலத்தைக் கணிக்க எழுத்தின் வடிவம் துணை செய்கிறது.

மெய், பொய் என்னும் பிரிவுக்கு இடையே மூன்றாவது வகை ஒன்றையும் தென்னிந்தியக் காசுகள் காட்டுகின்றன. தெலங்கானாவின் அக்கன்பள்ளிப் புதையலில் உரோமக் காசுகளோடு, அவற்றைப் பார்த்து இந்தியாவிலேயே அக்காலத்தில் செய்த காசுகளும் இருந்தன. இவை உரோமின் காசுகள் அல்ல. இக்காலப் போலிகளும் அல்ல. அயல்நாட்டுக் காசு இங்கு எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதற்கு இவையே சான்று. 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தடம் உள்ளது. மாற்றுப் பார்க்க வெட்டினர் என்றும், காசாகச் செல்லாதபடி ஆக்கினர் என்றும் அறிஞர்கள் இரு வகையாகக் கருதுகின்றனர்.

மறைவு

பிரின்செப் பகலில் நாணயச்சாலைப் பணியையும், எஞ்சிய நேரத்தில் இதழ்ப் பணியையும் கடிதங்களையும் ஆய்வையும் செய்து வந்தார். 1838 இல் தலைவலியும் உடல்நலக் குறைவும் தொடங்கி மூளையைப் பாதித்தன. அவ்வாண்டே கப்பலில் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1839 இன் தொடக்கத்தில் அங்குச் சேர்ந்தும் தேறவில்லை. 1840 ஏப்ரல் 22 இல் இலண்டனில் தம் சகோதரியின் வீட்டில் காலமானார். அப்போது வயது நாற்பது. கரோட்டி எழுத்துப் பணி முடிவுறாமல் நின்றது. நாணயச்சாலையில் அவரோடு பழகிய இளம் பொறியாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் முதலியோர் அதை நிறைவு செய்தனர். கன்னிங்காம் பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவரானார்.

நினைவுகள்

கல்கத்தா மக்கள் கூக்ளி ஆற்றங்கரையில் அவர் நினைவாகத் தூண் மண்டபத்துடன் படித்துறை கட்டினர். 1843 இல் அமைந்த அது பிரின்செப் படித்துறை என்றே வழங்குகிறது. இமயமலைப் பகுதியில் வளரும் ஒரு தாவர இனத்துக்கு பிரின்செப்பியா என்னும் பெயர் இடப்பட்டது. அவரது காசுத் தொகுப்பை 1847 இல் பிரித்தானிய அருங்காட்சியகம் பெற்றது. அவரது கட்டுரைகளை எட்வர்டு தாமசு 1858 இல் இரு தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

பிற்காலத்தில் வடமேற்கு இந்தியக் கடைத்தெருக்களில் கிரேக்க அரசர்களின் பெயரில் போலிகள் பெருகின. இன்று ஊடுகதிர்க் கருவியால் காசைச் சிதைக்காமலே அதன் மேற்பரப்பில் உள்ள உலோகங்களை அறியலாம். ஆனால் மண்ணில் நெடுநாள் கிடந்த காசின் மேற்பரப்பும் உட்புறமும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே எடை, அடித்த தடம், எழுத்து, கிடைத்த இடம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பது இன்றும் தேவைப்படுகிறது. உருக்கி மாற்றுப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், உருக்காமல் காக்க வேண்டிய காசுகளைப் பிரித்தறிந்து பதிவு செய்ததால், பெயர் மறந்த அரசர் பலரின் வரலாறு மீண்டும் கிடைத்தது.